ஆடுகளத்தில் தாய்மொழி

பிரித்தானியத் தீவின் மேலைப் புறத்தே அமைந்த சிறு நாட்டை உலகம் வேல்சு என்கின்றது. அந் நாட்டார் தாமே இட்டுக்கொண்ட பெயரன்று அது. ஆங்கிலரின் பழஞ்சொல்லில் அதற்கு 'அயலான்' என்பது பொருள். மண்ணுக்குரியவனைப் பார்த்து வந்தேறியவன் 'அயலான்' என்ற கொடுமையை என்னென்பது! அம் மக்களோ தம்மைக் 'கும்ரி' என்பர். ஒரு நாட்டு உறவினர் என்பது அதன் பொருள். அப் பெயரையே தாங்கி, 1967ஆம் ஆண்டு தலைநகராகிய கார்டிப்பில் ஒரு சிறு பந்தாட்டக் கழகம் எழுந்தது. கார்டிப்புக் கும்ரியர் இரக்பிக் கழகம் என்க.

இரக்பி அந் நாட்டார் உயிரோடு ஒட்டிய ஆட்டம். 1881இல் நீத்து நகரில் அதற்கென ஒன்றியம் கண்டனர். 1905இல் நியூசிலாந்தரை 3–0 என வென்ற நாளில், ஆட்டம் தொடங்குமுன் நாட்டுப்பண்ணைத் தாய்மொழியிற் பாடினர். ஆனால், பாட்டு வேல்சுமொழியில். ஆட்டத்தின் சொற்களோ ஆங்கிலத்தில்!

இக் குறையைத் தீர்க்க முனைந்தவர் ஒரு பள்ளியாசிரியர். நாடகங்களும் எழுதி, வானொலியிலும் உரைத்த ஐக் டேவீசு (1909–1993) என்பார், ஆட்டத்துக்குரிய வேல்சுச் சொற்களை ஆக்கி வழங்கினார். எல்லை கடந்து பந்தை ஊன்றுவது 'கைசு'. முயற்சி என்பது பொருள். உள்ளே நிற்பவன் 'மெவ்னூர்', புறத்தே நிற்பவன் 'மாசூர்', கொக்கிபோற் காலால் பந்தை இழுப்பவன் 'பாஃகூர்'. வேரும் ஈறும் தாய்மொழியினவே, கடன் சிறிதுமில்லை. அச் சொற்களே இன்று அந் நாட்டு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலிக்கின்றன.

கழகம் தோன்றிய காலம் இனிய காலமன்று. 1901இல் மக்களுட் பாதியர் பேசிய மொழி, 1961இல் 26 விழுக்காட்டினர் மொழியாய்ச் சுருங்கிவிட்டது. இந்நிலை நீடிப்பின் 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மொழி வழக்கொழியும் என்று 1962 பிப்பிரவரியில் வானொலியில் எச்சரித்தார் சாண்டர்சு லூயிசு. அதன் பின் ஐந்தாண்டில் கழகம் பிறந்தது. அதே ஆண்டில், முறைமன்றத்தில் வேல்சுமொழி பேச இடந்தரும் சட்டமும் வந்தது. முறைமன்றத்துக்கு வாழ்நாளில் எத்துணை முறை போவான் ஒருவன்? ஆடுகளத்துக்குக் கிழமைதோறும் போவான். அடிபட்டு விழும்போதும் தோழனைக் கூவி அழைக்கும்போதும் நாவில் தானே எழுவதன்றோ மொழி!

ஆங்கிலம் ஆளும் தலைநகரில் ஆட்டமும் அலுவலும் தாய்மொழியிலேயே நடத்துவது எளிதன்று. 1978இல் அந் நகரில் கிளாந்தாவ் என்னும் தாய்மொழிவழி உயர்நிலைப் பள்ளி திறந்தபின், அங்கேயே பிறந்து வளர்ந்த இளைஞரும் அம் மொழியிற் பயின்று வெளிவரலாயினர். 2021ஆம் ஆண்டுக் கணக்கில் நாடு முழுதும் வேல்சுமொழி பேசுவோர் 17.8 விழுக்காட்டினரே; கார்டிப்பில் ஏறத்தாழ எட்டில் ஒருவர். அவ் வெண்மருள் ஒருவரை நம்பியே அரை நூற்றாண்டைக் கடந்து நடக்கின்றது அச் சிறு கழகம்.