ஓய்வுநாள் யாருக்கு?

பத்துக் கட்டளைகளுள் நாம் எளிதாகக் கைக்கொள்வதாக எண்ணிக்கொண்டிருப்பது ஓய்வுநாள் கட்டளையை. ஞாயிறு காலை ஆராதனைக்குச் சென்றுவந்தால் அது நிறைவேறிவிட்டதாகக் கணக்கு வைத்துக்கொள்கிறோம். யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். அக்கட்டளையில் ஆலயமும் இல்லை, பாடலும் இல்லை, காணிக்கையும் இல்லை. இருப்பது ஒரு பட்டியல்: நீ, மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, கால்நடை, வாசலுக்குள் இருக்கும் அந்நியன். அன்று இவர்களுள் எவரும் வேலை செய்யலாகாது.

மொழியியல் படித்தோர் கண்ணில் முதலில் படுவது, இப்பட்டியலில் மனைவி இல்லை என்பது. எபிரேய மூலத்தில் இந்த 'நீ' ஆண்பால் ஒருமை. குடும்பத் தலைவனை நோக்கிய பேச்சு. தமிழில் முன்னிலைக்குப் பால் வேறுபாடு இல்லாமையால், நம் வேதாகமத்தின் 'நீ' மனைவியையும் நேராகவே அழைக்கிறது. (ஆராதனை முடிந்து வந்தபின் பிரியாணிக்கு வெங்காயம் நறுக்குபவர் யார் என்பதை அவரவர் வீட்டில் பார்த்துக்கொள்க.) 'வேலைக்காரி' என்பதோ நம் வீடுகளில் இன்றும் வழங்கும் சொல். அதற்கு உரையாசிரியர் வேண்டியதில்லை.

மயூர் விஹாரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஞாயிறு காலை, நாம் வேதாகமத்தோடு வெளியேறும் அதே வாயில் வழியாகத் திரிலோக்புரியிலிருந்து வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் உள்ளே நுழைகிறார்கள். நெருக்கடிநிலைக் காலத்தில் தில்லியின் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டோரைக் குடியேற்றிய பகுதி அது. நாம் ஓய்வுநாளை ஆசரித்துத் திரும்புவதற்குள் அவர்கள் மூன்று வீடுகளில் பாத்திரம் துலக்கி முடித்திருப்பார்கள்.

உபாகமம் 5ஆம் அதிகாரத்தில் இதே கட்டளை மீண்டும் வருகிறது. சொல்லப்படும் காரணம் வேறு. யாத்திராகமத்தில் காரணம் படைப்பு. உபாகமத்தில் எகிப்தின் அடிமைத்தனம்: நீயும் அடிமையாயிருந்தவன், ஆகவே உன்னைப் போலவே உன் பணியாளரும் இளைப்பாறட்டும் என்கிறது. அந்த ஒப்புமை தற்செயலாக வந்ததன்று. எசமானின் ஓய்வும் பணியாளின் ஓய்வும் அங்கே ஒரே அளவுகோலால் அளக்கப்படுகின்றன.

'நாம் கிருபையின் கீழிருக்கிறோம், நியாயப்பிரமாணத்தின் கீழல்ல' என்று சிலர் சொல்வர். சரி, அப்படியானால் ஞாயிறன்று நமக்கு மட்டும் அலுவலக விடுப்பு எதற்கு? அப்பெண் கிறித்தவர் அல்லரே என்பதும் செல்லாது. பட்டியலில் அந்நியனும் இருக்கிறான், மாடும் இருக்கிறது.

1890இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர்க்கு ஞாயிறு விடுமுறையைப் போராடிப் பெற்றுத் தந்தவர் ஜோதிராவ் ஃபுலேயின் தோழர் நாராயண் மேகாஜி லோகாண்டே. திருச்சபை அல்ல. வீட்டுப் பணியாளர்க்கு வாரந்தோறும் தொடர்ச்சியாக 24 மணிநேர ஓய்வு வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இல் கூறியது. இந்தியா அதற்கு இன்னும் ஏற்புறுதி அளிக்கவில்லை. ஆக, நம் வீட்டில் வேலை செய்பவருக்கு வார விடுமுறை கிடைப்பது இப்போதைக்கு நம் கையில்தான் இருக்கிறது.

செய்ய வேண்டியது பெரிதொன்றுமில்லை. வாரத்தில் ஒரு முழுநாள், சம்பளப் பிடித்தம் இல்லாமல். எந்த நாள் என்பதை அவரே சொல்லட்டும். புதன்கிழமை வசதி என்றால் புதன்கிழமை. ஒன்றே ஒன்று: மறுநாள் அவர் வந்து துலக்குவதற்கென்று இரண்டு நாள் பாத்திரத்தைத் தொட்டியில் குவித்து வைக்காதீர்கள்.