துடைத்தால் தீராது

செல்போனில் ஆப் இறங்கவில்லை என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் போதும், சுற்றியிருப்பவர்களிடமிருந்து வைத்தியம் வரிசையாக வந்துவிடும். "ஓடிட்டிருக்கிற ஆப்பையெல்லாம் தள்ளி விடுங்க." அதற்கு மசியாவிட்டால், "கிளீனர் ஆப் ஒண்ணு போட்டுக்கோங்க." அதுவும் பலிக்காவிட்டால் கடைசித் தீர்ப்பு: "ரீசெட் அடிச்சிடுங்க சார், புது போன் மாதிரி ஆயிடும்." மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே நம்பிக்கைதான். பழகப் பழகப் போனுக்குள் ஏதோ அழுக்கு சேர்கிறது, அதைத் துடைத்தெடுத்தால் கோளாறு போய்விடும் என்பது அது. இந்த நம்பிக்கை தவறு. வெறும் தவறாக இருந்தால் விட்டுவிடலாம். நம் வீட்டுப் படங்களையும் கணக்குகளையும் காவு வாங்குகிற தவறு என்பதால் விட முடியவில்லை.

ஓர் ஆப் இறங்கும்போது என்ன நடக்கிறது? பிளே ஸ்டோர் நம் கூகுள் கணக்கை உறுதிசெய்கிறது. போனில் உள்ள ஆண்ட்ராய்டு பதிப்புக்கு அந்த ஆப் பொருந்துமா என்று பார்க்கிறது. வைஃபையில் மட்டும் இறக்கச் சொல்லியிருக்கிறோமா, மொபைல் டேட்டாவுக்கும் அனுமதி உண்டா என்று பார்க்கிறது. ஏற்கெனவே பத்து ஆப்களின் அப்டேட் காத்திருந்தால் இதையும் வரிசையில் நிறுத்துகிறது. முறை வந்ததும் கோப்பை இறக்கி, அதன் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்து, பிரித்து நிறுவுகிறது. இந்தப் படிகளில் எங்கே தடுக்கினாலும் நம் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு வட்டம்தான். காரணம் பல, அறிகுறி ஒன்று. அறிகுறி ஒன்றாக இருப்பதால் மருந்தும் ஒன்றே என்று முடிவுகட்டிவிடுகிறோம். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். 'நிலுவையில்' என்று காட்டினால், பல நேரம் முன்னால் வேறு அப்டேட்டுகள் நிற்கின்றன. பிளே ஸ்டோரில் நம் படத்தைத் தொட்டு, ஆப்களை நிர்வகிக்கும் பக்கத்துக்குப் போய், அவற்றை நிறுத்திவிட்டால் நமக்கு வேண்டியது இறங்கத் தொடங்கும். வைஃபை மட்டும் என்ற தேர்வு இருந்தால், மொபைல் டேட்டாவில் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ஒன்றும் நடக்காது. பேட்டரி முழுக்கத் தீர்ந்து எழுந்த பழைய போனில் தேதி தாறுமாறாக இருக்கலாம். இணையப் பாதுகாப்புச் சான்றிதழ்கள் ஒவ்வொன்றுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. போனின் தேதி அந்த வரம்புக்கு வெளியே இருந்தால் பாதுகாப்பான இணைப்பே கிடைக்காது. செட்டிங்ஸில் தேதியைத் தானியங்கியாக மாற்றினால் தீர்ந்தது. இவற்றில் எதற்கும் துடைப்பம் தேவையில்லை.

இடப் பற்றாக்குறை உண்மையான காரணம். ஆனால் அங்கும் நம்பிக்கை தடம் மாறிவிடுகிறது. போனில் ரேம் வேறு, ஸ்டோரேஜ் வேறு. ஓடுகிற ஆப்களுக்குத் தற்காலிக இடம் ரேம். ஆப்பும் படமும் நிலையாகக் குடியிருப்பது ஸ்டோரேஜ். ஆப்களைத் தள்ளி மூடுவதும், கிளீனரில் 'பூஸ்ட்' பொத்தானை அழுத்துவதும் ரேமைத்தான் தொடுகின்றன. ஆப் நிறுவுவதற்கு வேண்டியதோ ஸ்டோரேஜ். அதுவும், பிளே ஸ்டோரில் காட்டும் அளவைவிடக் கூடுதலாகவே வேண்டும். இறக்கிய கோப்பைப் பிரிக்கவும் இடம் தேவை. நம் ஊர்ப் போன்களில் அந்த இடத்தை யார் அடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது ரகசியமல்ல. கூகுள் 2017 டிசம்பரில் ஃபைல்ஸ் கோ என்ற ஆப்பை இந்தியப் பயனர்களை மனத்தில் வைத்து வெளியிட்டது. வாட்ஸ்அப்பில் தினமும் வந்து குவியும் 'குட் மார்னிங்' படங்களைக் கண்டுபிடித்து அழிக்கும் வசதியை அதில் சேர்க்க வேண்டியிருந்தது. பூவும் சூரியனும் போட்ட அந்தப் படங்களையும், குடும்பக் குழுக்களில் சுற்றும் வீடியோக்களையும் அழித்தாலே பல போன்கள் மூச்சு விடும்.

ஆப்களைத் தள்ளி மூடுவதால் பேட்டரியாவது மிஞ்சுமா என்றால், அதுவும் இல்லை. அப்போது ஆண்ட்ராய்டின் பொறுப்பில் இருந்த ஹிரோஷி லாக்ஹைமரும், ஆப்பிளின் மென்பொருள் தலைவர் கிரேக் ஃபெடரிகியும் அது தேவையற்ற வேலை என்று 2016-லேயே சொல்லிவிட்டார்கள். செய்தவர்களே சொன்ன பிறகும் நம் விரல்கள் ஓயவில்லை.

கிளீனர் ஆப்களின் கதை இதைவிட மோசம். இறங்காத ஆப்பை இறக்க இன்னொரு ஆப்பை இறக்கச் சொல்வதே விசித்திரம். அந்த ஆப்கள் பிழைத்தது நம் அச்சத்தில். 'உங்கள் போனில் இத்தனை எம்பி குப்பை' என்று சிவப்பில் மிரட்டி, அழித்ததாகக் காட்டி, நடுநடுவே விளம்பரம் ஓட்டின. அந்த வகையில் உலகப் புகழ்பெற்றிருந்த கிளீன் மாஸ்டரைத் தயாரித்த சீட்டா மொபைல் நிறுவனத்தின் ஆப்களை, தொந்தரவான விளம்பரங்களுக்கு எதிரான நடவடிக்கையில் கூகுள் 2020 பிப்ரவரியில் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கியது. அதே ஆண்டு ஜூன் 29 அன்று இந்திய அரசு தடைசெய்த 59 ஆப்களின் பட்டியலில் டிக்டாக் இருந்தது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. கிளீன் மாஸ்டரும் டியூ கிளீனரும் அதே பட்டியலில் இருந்தன என்பது பலருக்கு நினைவில்லை. பெயர்கள் போயின, நம்பிக்கை போகவில்லை. வேறு பெயரில் வந்த கிளீனர்கள் இன்றும் இறக்கப்படுகின்றன. சில போன் தயாரிப்பாளர்களே 'பூஸ்ட்' பொத்தானை முகப்பில் வைத்து விற்கிறார்கள்.

எல்லாவற்றிலும் கொடியது ரீசெட். தாழ்ப்பாள் இறுகிவிட்டது என்பதற்காக வீட்டையே இடிப்பது அது. போன் பழைய ஆண்ட்ராய்டில் இருப்பதால் ஆப் மறுக்கிறது என்று வையுங்கள். 2013-இல் வந்த கிட்கேட் பதிப்புக்கான ஆதரவைக் கூகுள் 2023-இல் நிறுத்தியது. வாட்ஸ்அப்பும் இன்று ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழே இயங்காது. ரீசெட் அடித்தால் ஆண்ட்ராய்டு பதிப்பு ஓர் எண்கூட ஏறாது. நம் படங்களும் செய்திகளும் மட்டும் போகும். அப்படிப் போனவை திரும்புவதும் இல்லை. இன்றைய போன்களில் நம் தரவு பூட்டிய வடிவில்தான் சேமிக்கப்படுகிறது. ரீசெட்டோடு அதைத் திறக்கும் சாவியும் அழிகிறது. பேக்கப் இல்லாவிட்டால் எந்த ரெக்கவரி கடையும் மீட்டுத் தர முடியாது. வங்கி ஆப்களிலும் யூபிஐ ஆப்களிலும் மீண்டும் முதலிலிருந்து பதிய வேண்டும். 2015-இல் ஆண்ட்ராய்டு 5.1-உடன் வந்த பாதுகாப்பு ஏற்பாட்டினால், முறைப்படி கணக்கை நீக்காமல் ரீசெட் அடித்த போன் பழைய கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கலாம். பேரன் தொடங்கிக் கொடுத்த கணக்கின் கடவுச்சொல் எத்தனை தாத்தா பாட்டிகளுக்குத் தெரியும்? இவ்வளவுக்கும் பிறகு போன் திறந்தால், உள்ளே இருந்த ஆப்கள் தொழிற்சாலைப் பதிப்புக்குத் திரும்பியிருக்கும். அவை எல்லாமே அப்டேட் கேட்டு வரிசையில் நிற்கும். அதாவது, 'நிலுவையில்' மறுபடியும்.

"எனக்கு ரீசெட் அடிச்சதும் சரியாயிடுச்சே" என்பார்கள். சரியாகியிருக்கும், மறுக்கவில்லை. ரீசெட் அடிக்கும்போது போன் ஒருமுறை அணைந்து எழுகிறது. தேதி தானாகத் திருந்துகிறது. கணக்கில் புதிதாக நுழைகிறோம். மாற்றிவைத்த அமைப்புகள் பழைய நிலைக்கு வருகின்றன. ஸ்டோரேஜ் காலியாகிறது. ஐந்து சின்னப் பரிகாரங்களை ஒரு பெரிய நாசத்தோடு கட்டி விற்பதுதான் ரீசெட். கோளாறைத் தீர்த்தது அந்த ஐந்தில் ஏதோ ஒன்று. அதைத் தனியாகச் செய்திருந்தால் சில நிமிடங்களில் முடிந்திருக்கும். எதனால் சரியாயிற்று என்று தெரியாமலே போவதால், அடுத்த முறையும் வீட்டை இடிக்கவே கை போகிறது.

துடைக்கவே கூடாது என்பதல்ல என் வாதம். போனை விற்கும்போதும், வேறு வழியில் நீங்காத தீய மென்பொருள் புகுந்தபோதும் ரீசெட் அவசியம். பிளே ஸ்டோரின் கேஷை, அதாவது தற்காலிகச் சேமிப்பை, அழிப்பதும் நல்ல முயற்சிதான். பிளே ஸ்டோரின் டேட்டாவை அழித்தால்கூட நிறுவிய ஆப்கள் போகாது. ஆனால் அதே பொத்தானை வாட்ஸ்அப்பில் அழுத்தினால் பேக்கப் ஆகாத உரையாடல்கள் ஒழிந்தன. 'கேஷ்' எது, 'டேட்டா' எது என்று தெரிந்து குறிபார்த்துச் செய்வது சிகிச்சை. கண்ணில் பட்டதையெல்லாம் அழிப்பது மூடநம்பிக்கை.

பழியை மக்கள் மேல் மட்டும் போடுவதும் நியாயமில்லை. ஒரு காலத்தில் பிளே ஸ்டோர் 495, 927, 963 என்று வெறும் எண்களைக் காட்டிவிட்டு நகர்ந்துகொண்டது. இன்று 'மீண்டும் முயலவும்' என்கிறது. தேதி தவறு, முன்னால் வேறு அப்டேட்டுகள் நிற்கின்றன என்று நல்ல தமிழில் ஒரு வரி சொல்ல இவ்வளவு பெரிய நிறுவனத்தால் முடியாதா? காரணத்தைச் சொல்லாத இடத்தில்தான் மந்திரவாதம் குடியேறும்.

ஆகவே, ஆப் இறங்காதபோது இந்த வரிசையில் போங்கள். போனை ஒருமுறை அணைத்து எழுப்புங்கள். இணைப்பையும் தேதியையும் பாருங்கள். பிளே ஸ்டோர் வரிசையையும் வைஃபைத் தேர்வையும் பாருங்கள். ஸ்டோரேஜில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பிளே ஸ்டோரின் கேஷை அழியுங்கள். அதற்கும் இறங்காவிட்டால் அந்த ஆப் உங்கள் ஆண்ட்ராய்டு பதிப்புக்கு வருமா என்று பாருங்கள். வராது என்றால் ரீசெட் அடித்தாலும் வராது. கடைக்குப் போக நேர்ந்தால், "என்ன காரணம்?" என்று முதலில் கேளுங்கள். காரணம் சொல்லத் தெரியாமல் ரீசெட்டுக்குக் கை நீட்டுபவரிடம் உங்கள் போனைக் கொடுக்காதீர்கள்.