ஆள் குடியிருக்கும் வீடு ஏலத்துக்கு வருகிறது

"வங்கி ஏலத்தில் பாதி விலைக்கு வீடு" என்று ஆசைகாட்டும் காணொளிகள் தோழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இப்போது நிறையவே சுற்றுகின்றன. முதல் தலைமுறையாகச் சம்பளம் வாங்குகிறவருக்கு அந்த ஆசை வருவதில் தவறில்லை. ஊர்த்தெருவில் வாடகைக்கே வீடு கிடைக்காத நமக்கு, சாதி கேட்காமல் விற்பது வங்கி மட்டும்தான் என்றார் பெரம்பலூர் நண்பர் ஒருவர். விற்பதுவரை அது உண்மைதான்.

ஏல அறிவிப்பில் ‘குறியீட்டுச் சுவாதீனம்’ என்று இருந்தால், வங்கி கதவில் நோட்டீஸ் மட்டும் ஒட்டியிருக்கிறது என்று பொருள். உள்ளே அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கும். ‘உள்ளது உள்ளபடி’ என்றால், குடியிருப்பவரும் வில்லங்கமும் இனி உங்கள் பாடு. 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின் 14ஆம் பிரிவில், வீட்டைக் கைப்பற்றித் தரும்படி வங்கி மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ கேட்கலாம். அதை எதிர்த்துக் கடன் வாங்கியவர் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அடமானத்துக்கு முன்பே முறையாக வாடகைக்கு வந்தவர் இருந்தால் அது தனி வழக்கு. உங்கள் பணம் மட்டும் காத்திருக்க முடியாது. ஏலம் எடுத்தவுடன் 25 விழுக்காடு கட்ட வேண்டும். விற்பனை உறுதியான 15 நாளில் மீதியையும் கட்ட வேண்டும். தவறினால் கட்டியது போய்விடும். தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் இதை உறுதிசெய்தது.

காகிதத்தில் சாதி இல்லை. பூட்டை மாற்றப் போகும் நாளில் அது வந்து நிற்கும். பெரம்பலூர், அரியலூர் கிராமங்களில் ஆய்வுக்காக அலைந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஊர்த்தெரு வீட்டை ஏலத்தில் எடுக்கும் சேரிக்காரர், கடன்பட்ட குடும்பத்தோடு மட்டுமல்ல, தெருவோடும் மோத வேண்டியிருக்கும். ஆதிக்க சாதிக்காரர் நம் தெருவில் ஒரு வீட்டை எடுத்தால், காலி செய்ய அதிக நாள் ஆகாது. தள்ளுபடி விலை இருவருக்கும் ஒன்றாக இருக்கலாம், ஆபத்து ஒன்றல்ல.

நிலத்தின் வரலாற்றையும் பாருங்கள். 1892க்குப் பின் ஒடுக்கப்பட்டோருக்கு நிபந்தனையோடு தரப்பட்ட பஞ்சமி நிலத்தில் வீடு கட்டப்பட்டிருந்தால், வில்லங்கச் சான்று அதைக் காட்டாமல் போகலாம். தாலுகா அலுவலகத்தின் பழைய ‘அ’ பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டும்.

இனி, உள்ளே இருப்பது நம் ஆட்களாக இருந்தால்? முதல் நோட்டீஸுக்கு 60 நாள் அவகாசம் உண்டு. விவசாய நிலத்தை இந்தச் சட்டம் தொடாது. சுவாதீன நடவடிக்கையை எதிர்த்துத் தீர்ப்பாயம் செல்ல 45 நாள். ஏல அறிவிப்பு வெளிவரும் முன்பே பாக்கி முழுவதையும் கட்டினால்தான் வீட்டை மீட்கும் உரிமை நிற்கும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தக் கெடுக்களைப் பற்றிய காணொளி ஒன்றுகூட எனக்கு இதுவரை வந்ததில்லை.