புரோட்டானுக்குள் குட்டி போடும் குளுவான்கள்... இந்தப் பெருக்கம் எங்கே நிற்கும்?

பொருட்களுக்கு எடை எங்கிருந்து வருது? ஹிக்ஸ் போஸான் என்று பலரும் சட்டெனச் சொல்வார்கள். ஆனால் அது பாதிக் கதைகூட இல்லை. புரோட்டானில் இருக்கும் மூன்று குவார்க்குகளின் எடையைக் கூட்டினால், மொத்தத்தில் 1 சதவீதம்தான் தேறும். மீதியெல்லாம் குவார்க்குகளின் ஓட்டமும், அவற்றைக் கட்டிப்போடும் குளுவான்களின் ஆற்றலும்தான்.

குளுவான் என்றால் பசைத் துகள். 1979ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் நடந்த ஆய்வுகளில் இதற்கு நேரடிச் சான்று கிடைத்தது.

வட்டிக்கு வட்டி

ஒளித்துகளான போட்டான் இன்னொரு போட்டானை உமிழாது. குளுவான் அப்படியில்லை. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். வட்டி குட்டி போடுகிற கதைதான்.

இதைப் பளிச்சென்று காட்டியது, அதே ஹாம்பர்க்கில் 1992 முதல் 2007 வரை இயங்கிய ஹெரா மோதுவி. எலக்ட்ரானை புரோட்டான் மீது எவ்வளவு அதிக ஆற்றலில் மோதவிட்டார்களோ, அவ்வளவு அதிகமாக குளுவான்கள் தென்பட்டன. காரணம் ஐன்ஸ்டீன் சொன்னதுதான். அதிவேகத்தில் நேரம் மெதுவாகும். கண்சிமிட்டும் முன் மறைய வேண்டிய குளுவான்கள் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்து, மேலும் பிரிகின்றன.

சரி, இது இப்படியே போனால்? கணக்கு உதைக்கும். மோதல் நடப்பதற்கான வாய்ப்பு 100 சதவீதத்தைத் தாண்டிவிடும். அது நடக்கவே நடக்காது.

எனவே நெரிசல் முற்றும்போது இரண்டு குளுவான்கள் ஒன்றாகச் சேர வேண்டும் என்கிறது கோட்பாடு. பிரிவதும் சேர்வதும் சமமாகும் இடத்தில் பெருக்கம் நிற்கும். பள்ளியில் படித்த தெவிட்டிய கரைசல் ஞாபகம் இருக்கா? அதற்கு மேல் உப்பு கரையாது. அதனால் இதையும் தெவிட்டல் என்கிறார்கள். லாரி மெக்லெரன், ராஜு வேணுகோபாலன் ஆகியோர் 1994ல் இதற்குக் கணக்கு வடிவம் கொடுத்தனர். அந்த நிலைக்குப் பெயர் கலர் கிளாஸ் கண்டன்சேட்.

சான்று இருக்கா?

தடயம் இருக்கு, தீர்ப்பு இல்லை. நியூயார்க் மாகாணத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் இயங்கிய ஸ்டார் குழு, புரோட்டானை அலுமினியத்தோடும் தங்கத்தோடும் மோதவிட்டது. எதிரெதிர் திசையில் ஜோடியாகப் பறக்க வேண்டிய துகள்கள் குறைந்தன. தங்கத்தில் இன்னும் அதிகமாகக் குறைந்தன. தங்க அணுக்கருவில் 197 புரோட்டான், நியூட்ரான்கள் நெருங்கி நிற்பதால் நெரிசலும் அதிகம். 2022ல் வெளியான இந்த முடிவு தெவிட்டலோடு பொருந்துகிறது. ஆனால் மோதியதும் புரோட்டான், மோதப்பட்டதும் அதே ரகம். இரண்டு பக்கமும் குளுவான் குப்பை. வேறு விளக்கங்களுக்கும் இடம் இருக்கு.

அதனால்தான் அங்கேயே எலக்ட்ரான்-அயனி மோதுவி வருகிறது. 3.8 கிலோமீட்டர் பழைய சுரங்கத்தில் எலக்ட்ரானுக்குத் தனி வளையம். 2021ல் போட்ட மதிப்பீடு 170 கோடி முதல் 280 கோடி டாலர். இயங்குவது 2030களில்.

எலக்ட்ரானுக்குள் குளுவான் கிடையாது. சுத்தமான ஊசி மாதிரி. அவ்வளவு செலவும் இதற்காகத்தான்.

எதைப் பார்ப்பார்கள்? ஹெராவில் சுமார் பத்து மோதலில் ஒன்றில், அடிவாங்கிய புரோட்டான் உடையாமல் தப்பியது. தெவிட்டல் உண்மையென்றால், தங்கத்தில் இந்த விகிதம் தெளிவாக உயர வேண்டும். உயராவிட்டால், 30 ஆண்டுக் கணக்கை மறுபடி முதலிலிருந்து போட வேண்டியிருக்கும்.