சிறைக் கதவைத் திறக்க வைத்த போலீஸ் அதிகாரி: ருஸ்தம்ஜிக்கு எது உண்மையான அஞ்சலி?

ஒரு குற்றத்துக்கு அதிகபட்ச தண்டனையே 2 வருஷம்தான்னு வெச்சுக்கோங்க. அந்த வழக்கில் விசாரணையே தொடங்காமல் ஒருவர் 5 வருஷமாக ஜெயில்ல இருந்தா, அதுக்கு என்ன பேரு?

1970-களின் இறுதியில் பிகார் சிறைகளில் இதுதான் நிலைமை. அதை நாட்டுக்குச் சொன்னவர், கே.எஃப்.ருஸ்தம்ஜி என்கிற போலீஸ் அதிகாரி.

யார் இவர்?

1916-ல் பிறந்த ருஸ்தம்ஜி, பிரதமர் நேருவின் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர். மத்தியப் பிரதேச காவல் துறைக்குத் தலைமை வகித்தவர். 1965-ல் எல்லைப் பாதுகாப்புப் படை தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவர். 1991-ல் பத்ம விபூஷண் பெற்றார், 2003-ல் காலமானார். எல்லைப் பாதுகாப்புப் படை அவர் பெயரில் நினைவுச் சொற்பொழிவும் நடத்துகிறது.

ஆனா, அவர் செய்த மிகப் பெரிய வேலை எல்லையில் நடக்கலை, ஜெயிலுக்குள்ள நடந்தது.

என்ன செய்தார்?

1977-ல் தேசிய போலீஸ் கமிஷன் அமைக்கப்பட்டது. அதன் உறுப்பினராக பிகார் சிறைகளுக்குப் போனார் ருஸ்தம்ஜி. உள்ளே இருப்பவர் யார், எந்த வழக்கு, எத்தனை வருஷம்? இதையெல்லாம் விசாரித்தார். 1979 ஜனவரி 8, 9 தேதிகளில் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ நாளிதழில் அந்த விவரங்கள் வெளியாகின.

அதை வைத்து வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றம் போனார். அதுதான் ‘ஹுசைனாரா காத்தூன்’ வழக்கு. நாட்டின் முன்னோடிப் பொதுநல வழக்குகளில் ஒன்று. விரைவான விசாரணை, அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் அடிப்படை உரிமை என்றது நீதிமன்றம். தண்டனைக் காலத்தைவிட அதிக நாள் சிறையில் இருந்தவர்களைச் சொந்த ஜாமீனில் விடச் சொன்னது. இந்த வழக்கால் சுமார் 40,000 பேர் வெளியே வந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

குற்றவாளிகளைப் பிடிப்பதே வேலையாக இருந்த ஒருவர், பிடிபட்டவர்களின் பக்கம் நின்று யோசித்ததுதான் இதில் முக்கியம்.

இப்போ நிலைமை என்ன?

1975 ஜனவரி 1 கணக்குப்படி, சிறைகளில் இருந்தவர்களில் 57.6 சதவீதம் பேர் விசாரணைக் கைதிகள். இதைப் பதிவு செய்தது சட்ட ஆணையத்தின் 78-வது அறிக்கை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கைப்படி, மொத்தக் கைதிகள் 5,73,220. அதில் விசாரணைக் கைதிகள் 4,34,302. அதாவது 75.8 சதவீதம்!

சட்டம் இல்லையா என்றால், இருக்கு. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-வது பிரிவு இதற்குத்தான். அதிகபட்ச தண்டனையில் பாதியை விசாரணைக் கைதியாகவே கழித்தவரை ஜாமீனில் விடலாம். இதற்கு முன் தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு கழித்திருந்தாலே போதும். அந்தக் காலம் முடிந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டிய பொறுப்பு சிறைக் கண்காணிப்பாளருக்கு உண்டு. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என 2024 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

‘அப்போ பயங்கரக் குற்றவாளிகளும் வெளியே வந்துடுவாங்களா?’ என்ற பயம் நியாயமானதே. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் இந்தச் சலுகை கிடையாது.

என்ன செய்யணும்?

வக்கீல் வைக்க வசதி இல்லாதவருக்கு, தனக்கு இப்படி ஒரு உரிமை இருப்பதே தெரியாமல் போகலாம். ஜாமீன் கிடைத்தாலும் ஜாமீன்தாரர் கிடைப்பது கஷ்டம். அதனால், கைதி கேட்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அதிகாரிதான் தேடிப் போக வேண்டும். ருஸ்தம்ஜி செய்ததும் அதுதான்.

ஒவ்வொரு சிறையும் மாதந்தோறும் இரண்டு எண்களை வெளியிடட்டும். 479-வது பிரிவின் கீழ் தகுதி பெற்றவர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேருக்காக நீதிமன்றத்துக்கு எழுதப்பட்டது? இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம், இன்னமும் கணக்கில் விடுபட்டு உள்ளே இருக்கும் மனிதர்கள்.

நினைவுச் சொற்பொழிவு நல்ல விஷயம்தான். ஆனா, அந்த வித்தியாசம் பூஜ்யம் ஆகும் நாள்தான் ருஸ்தம்ஜிக்கு நாம் செய்யும் முழுமையான அஞ்சலி.