பெரியப்பாவை குரூப்பிலிருந்து தூக்கிய அட்மின்!

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, இரவு 8.40. சென்னையில் ஷிஃப்ட் முடிந்து பையை மாட்டும் நேரம். எங்கள் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் பெரியப்பா ஒரு போட்டோ போட்டார். தோளில் போர்வை மூட்டையோடு நிற்கும் ஓர் ஆள். யாரோ மறைந்து நின்று எடுத்த மாதிரி பக்கவாட்டில் இருந்தது. கூடவே ஒரு வாய்ஸ் நோட்: "புள்ள புடிக்கிறவனுங்க வந்துட்டானுங்க. புள்ளைங்கள வெளிய விடாதீங்க. சந்தேகமா எவனப் பாத்தாலும் விடாதீங்க."

வாய்ஸ் நோட்டின் மேல் இரட்டை அம்புக்குறி. அதாவது, பல கை மாறி வந்த ஃபார்வர்ட். பேசுகிறவர் எந்த ஊர் என்றே தெரியாது. ஆனால் போட்டோவில் இருந்தது எங்கள் ஊர் ரேஷன் கடைச் சுவர். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் சம்பந்தம் வந்துவிட்டது.

ஆறு நிமிடத்தில் பதினான்கு ரிப்ளை. "எங்க இருக்கான்?" "ரேஷன் கடைகிட்ட." "நாலு பேரு வாங்கடா."

அந்த குரூப்பின் மூன்று அட்மின்களில் நானும் ஒருத்தி. போட்டோவை எல்லோருக்குமாக டெலிட் செய்தேன். "எவன்டா டெலிட் பண்ணது?" என்று பெரியப்பா திரும்பப் போட்டார். மறுபடி டெலிட். மறுபடி போட்டார். மூன்றாவது முறை, கை நடுங்க, அவர் பெயரை அழுத்தி 'ரிமூவ்' கொடுத்தேன். அடுத்த நொடி அதே போட்டோவை வேறொருவர் போட, 'அட்மின்கள் மட்டுமே மெசேஜ் அனுப்பலாம்' என்று குரூப்பையே பூட்டினேன். பிறகு 100-க்கு ஒரு போன். ரேஷன் கடைக்கு எதிர்வீட்டில் இருக்கும் சித்திக்கு ஒரு போன்.

சித்தி போவதற்குள் அந்த ஆளின் சட்டைக் காலரில் ஒரு கை விழுந்திருந்தது. மூட்டையைப் பிரித்துக் கொட்டியிருந்தார்கள். "அட பாவிகளா, இவரு போர்வைக்காரருடா, மாசா மாசம் தவணைக்கு வர்றவரு" என்று சித்தி போட்ட சத்தத்தில்தான் கூட்டம் பின்வாங்கியது. கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றிருக்கிறார், அவ்வளவுதான். போலீஸ்காரர் ஒருவர் பைக்கில் வந்து அவரைப் பெரம்பலூருக்குக் கூட்டிப் போனார்.

ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்டால், எனக்கு 2018 ஞாபகம் இருக்கிறது. அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போன சென்னை மூதாட்டி ஒருவர் வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர் என்று சொல்லி அடித்தே கொன்றார்கள். ஜூலை 1-ம் தேதி மகாராஷ்டிராவின் துலே மாவட்டத்தில், ராயின்பாடா கிராமத்தில், அதே வதந்தியில் ஐந்து பேர். அந்த ஜூலையில்தான் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு மெசேஜை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2020 ஏப்ரலில், இரட்டை அம்புக்குறி மெசேஜ்களை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மட்டும்தான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கினார்கள். ஆனால் அந்த 'ஒரு சாட்', 600 பேர் இருக்கும் குரூப்பாக இருந்தால்? எங்களுடையதில் 612 பேர்.

இனி எங்கள் குரூப்பைப் பற்றிக் கொஞ்சம் நல்லதாகவும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஊருக்குப் போக முடியாது.

ஆரம்பித்ததும் அதே 2018-ல்தான். மக்காச்சோளத்தில் படைப்புழு இறங்கி பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டமும் தலையில் கை வைத்த வருடம். குருத்துக்குள் உட்கார்ந்து தின்னும் அந்தப் புழுவை அதற்கு முன் எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. எந்த மருந்து, எந்த நேரத்தில் அடிப்பது என்று கேட்க, விவசாயம் படித்த அண்ணன் ஒருவர் நாற்பது பேரைச் சேர்த்து ஆரம்பித்தார். புழு போனது, குரூப் போகவில்லை. இப்போது அதில் வராத விஷயமே இல்லை. கறவை மாடு விற்பனைக்கு. நாளை மின்தடை. காணாமல் போன ஆட்டுக்குட்டி. தண்ணீர்த் தொட்டி ஒழுகும் வீடியோ. அதை ஊராட்சித் தலைவர் பார்த்தாரா என்று 'இன்ஃபோ'வில் போய்த் தேடி, "பாத்துட்டாரு, பதில் சொல்ல மாட்டேங்குறாரு" என்று ஸ்கிரீன்ஷாட் போடும் ஒரு மாமா. கிராம சபைக்கு முந்தின நாள் மட்டும் தலைவர் தவறாமல் வாய் திறப்பார். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆக, வருடத்துக்கு ஆறு மெசேஜ் உறுதி.

அம்மா ஊர் அரியலூர் பக்கம், செந்துறைக்கு அருகே. அந்த குரூப்பின் வாசனையே வேறு. சுண்ணாம்புக்கல் லாரி எந்த ரோட்டில் வருகிறது, பள்ளிக்கூட நேரத்தில் ஏன் வருகிறது என்பதுதான் பாதிப் பேச்சு. மீதிப் பாதியில் ஒருநாள், உழும்போது கிடைத்தது என்று சுருள் சுருளான ஒரு கல்லின் படம் வந்தது. "சங்கு", "நாகக்கல்", "லட்சக்கணக்குல போவும்" என்று ஏலமே நடந்தது. கடைசியில் பத்தாவது படிக்கும் ஒரு பையன், "இது அம்மோனைட். நம்ம ஊரு கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி கடல். வாரணவாசி மியூசியத்துல நிறைய இருக்கு" என்று போட்டான். அதற்கு வந்த ஒரே பதில்: "அப்ப நம்ம ஊரு தண்ணி ஏன் உப்பு கரிக்குதுன்னு இப்பதான் தெரியுது."

சரி, பராமரிப்பு விஷயத்துக்கு வருவோம். 600 பேர் பேசும் இடத்தை யாராவது பெருக்க வேண்டும் அல்லவா? முதல் எதிரி, குட்மார்னிங் ரோஜா. சிரிக்காதீர்கள். இந்தியர்களின் போன் ஏன் அடிக்கடி நிரம்பிப் போகிறது என்று கூகுள் ஆராய்ந்தபோது பெரிய காரணமாகச் சிக்கியவை இந்தக் காலை வணக்கப் படங்கள்தான் என்று 2018-ல் வெளிநாட்டுப் பத்திரிகையிலேயே செய்தி வந்தது.

இரண்டாவது எதிரி, '.ஏபிகே' என்று முடியும் ஃபைல். கல்யாணப் பத்திரிகை என்றோ, பி.எம். கிசான் பணம் என்றோ பெயர் வைத்து வரும். தொட்டு இன்ஸ்டால் செய்தால் போனுக்கு வரும் ஓடிபி எல்லாம் வேறெங்கோ போகும். பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப் ஆக வரும். ஆப் ஆக வராது. அனுப்பியவர் சொந்த அத்தையாகவே இருந்தாலும், அத்தையின் போன் இப்போது அத்தையிடம் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930. நேரம்தான் முக்கியம்.

மூன்றாவது விஷயம் கொஞ்சம் சங்கடமானது. முன்பு ஒரு குரூப்பில் 256 பேர்தான் இருக்கலாம். எங்கள் ஊரில் ஆள் கூடியதும் 'நம்ம ஊரு 1', 'நம்ம ஊரு 2' என்று இரண்டாகப் பிரித்தார்கள். யாரும் திட்டமிடவில்லை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் கீழத்தெரு முழுக்க இரண்டாவது குரூப்பில் இருந்தது. 2022 கடைசியில் வாட்ஸ்அப் 1,024 பேர் வரை அனுமதித்தபோது, "ஒண்ணாக்கிடலாமே" என்று நான் கேட்டேன். "எதுக்கு பாப்பா, நல்லாத்தானே ஓடுது" என்றார்கள். எங்கள் மாவட்டங்களுக்கே இந்தக் கதை பழக்கம். 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-ல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002-ல் திரும்ப ஒட்டினார்கள். 2007 நவம்பரில் மறுபடி பிரித்தார்கள். அரசாங்கமே இவ்வளவு யோசித்திருக்கும்போது எங்கள் ஊர் எம்மாத்திரம்! இரண்டு குரூப்பையும் ஒன்றாக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. சேர்த்த முதல் வாரமே திருவிழா வரிக் கணக்கைக் கேட்டு இரண்டாவது குரூப்பிலிருந்து ஒருவர் கேள்வி போட்டார். அதுவரை ஒன்றாவது குரூப்பில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அந்த மெசேஜை டெலிட் செய்யச் சொல்லி எனக்கு மூன்று போன் வந்தது. செய்யவில்லை.

நல்ல அட்மின் என்று பெருமை பேசவில்லை. 2020 மே மாதம், கோயம்பேடு மார்க்கெட்டில் வேலை பார்த்தவர்கள் ஊர் திரும்பியபோது பெரம்பலூரிலும் அரியலூரிலும் கொரோனா எண்ணிக்கை மளமளவென ஏறியது. அப்போது யார் யார் வந்திருக்கிறார்கள் என்று வீட்டுப் பெயரோடு ஒரு பட்டியல் எங்கள் குரூப்பில் சுற்றியது. நான் காலேஜ் ஸ்டூடன்ட். அட்மின் இல்லை. ஆனால் பார்த்தேன், படித்தேன், பேசாமல் இருந்தேன். அதில் இருந்த ஒரு வீட்டுக்குப் பால் ஊற்றுவதை நிறுத்திவிட்டார்கள். அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்தது.

"ஏதாவது ஒண்ணுன்னா அட்மினத்தான் போலீஸ் புடிக்கும்" என்று ஒரு பயம் எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் மூன்றாவது அட்மின் அதற்காகவே இரண்டு முறை ராஜினாமா கடிதம் போட்டவர். கரூரில் வழக்கறிஞர்கள் குரூப் ஒன்றில் உறுப்பினர் ஒருவர் போட்ட பதிவுக்காக அட்மின் மீதும் வழக்குப் போட்டார்கள். 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, அவர் வெறும் அட்மினாக மட்டும் இருந்திருந்தால் வழக்கிலிருந்து பெயரை நீக்க வேண்டும் என்றது. அதே வருடம் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளையும், 2022-ல் கேரள உயர் நீதிமன்றமும் இதே திசையில்தான் தீர்ப்புச் சொன்னன. அடுத்தவர் போட்டதற்கு அட்மின் தானாகக் குற்றவாளி ஆகிவிட மாட்டார். கூட்டுச் சேர்ந்து செய்திருந்தால் கதை வேறு. ஆக, அன்று இரவு நான் பெரியப்பாவைத் தூக்கியது சட்டத்துக்குப் பயந்து அல்ல. இதை அவரிடம் சொல்லத்தான் முடியவில்லை.

ஏனென்றால் அவர் போனை எடுக்கவில்லை. 19 நாள். தம்பி மகள் 600 பேர் பார்க்கத் தன்னை வெளியே தள்ளினாள் என்பது சாதாரண விஷயமா? தானாக வெளியேறினால் இப்போது அட்மினுக்கு மட்டும்தான் தெரியும். தூக்கினால் எல்லோருக்கும் தெரியும். "உம் பொண்ணு பெரிய ஆளாயிட்டா" என்று அப்பாவிடம் ஒரே ஒரு வரி சொல்லியிருக்கிறார். அப்பா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அதுவே அதிகமாக வலித்தது.

குரூப்பில்தான் முதலில் பிரச்னை வெடித்தது. தினமும் காலையில் செட்டிகுளம் சின்ன வெங்காய விலையைப் போடுகிறவர் பெரியப்பா. பட்டறையில் வெங்காயத்தைப் போட்டு வைத்துக்கொண்டு, இன்று எடுக்கலாமா, நாலு நாள் பொறுக்கலாமா என்று காத்திருக்கிறவர்களுக்கு அந்த ஒரு வரிதான் கணக்கு. "ரேட்டு எங்கப்பா?" என்று ஆரம்பித்து, "அட்மின் மேடம் போடுவாங்களா?" என்பது வரை வந்துவிட்டது. வெங்காய விலைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். பெரியப்பா பட்டறைக்குக் கீற்று மாற்றிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலேயே பேசினார்.

"அந்தப் போட்டாவ நான் எடுக்கல பாப்பா. எடுத்தது எவன்னு கேட்டியா நீ?"

"கேக்கல பெரியப்பா."

"அன்னைக்கு சாயங்காலம் பேரன் கடைக்குப் போனவன் எட்டரை வரைக்கும் வரல. அந்த நேரத்துலதான் அது எனக்கு வந்துச்சு. எனக்கு வேற என்ன தோணும், சொல்லு?"

பேரன், நண்பன் வீட்டில் கேம் விளையாடிக்கொண்டிருந்திருக்கிறான். எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் போட்டோவை டெலிட் செய்திருப்பேன். ஆனால் ரிமூவ் செய்வதற்கு முன் அவருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். பத்து நொடி. அந்தப் பத்து நொடியில் ரேஷன் கடை முன்னால் என்ன நடந்திருக்கும் என்றும் யோசிக்கிறேன். இரண்டு கணக்கும் நேராகவில்லை.

"சேத்தா, எதுக்குத் தூக்குனேன், எதுக்குச் சேத்தேன்னு நீயே குரூப்புல எழுதணும்" என்றார். எழுதினேன். அவருக்கு வந்த மெசேஜ் பொய் என்பதையும், பயம் பொய் இல்லை என்பதையும் எழுதினேன். போர்வைக்காரருக்கு நடந்ததையும் எழுதினேன். அதற்கு லைக் வந்தது குறைவு. காலரைப் பிடித்த கை யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் காலை 6.10-க்கு வெங்காய விலை வந்துவிட்டது, கூடவே ஒரு ரோஜாப்பூவும். விட்டுவிட்டேன்.

போர்வைக்காரர் இன்னும் எங்கள் ஊர்ப் பக்கம் வரவில்லை. சித்தி அவரிடம் தவணைக்கு வாங்கிய இரண்டு போர்வைக்கு 300 ரூபாய் பாக்கி. அதைத் தனியாக மடித்து, சாமி மாடத்தில் வைத்திருக்கிறார்.