நிலமற்றவரின் ஆடு எங்கே மேயும்?

2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு விலையில்லா ஆடுகள் திட்டத்தைத் தொடங்கியபோது, பயனாளி நிலமற்ற விவசாயக் கூலியாக இருக்க வேண்டும் என்பது அதன் முதன்மை நிபந்தனைகளில் ஒன்று. ஐந்தாண்டுகளில் 7 லட்சம் குடும்பங்களுக்குத் தலா நான்கு ஆடுகள் வழங்குவது இலக்கு. 2021இல் ஆட்சி மாறிய பிறகு, கைம்பெண்கள், கணவரால் கைவிடப்பட்டோர், ஆதரவற்ற பெண்கள் என 38,800 பேருக்குத் தலா ஐந்து ஆடுகள் என்று வேறொரு திட்டம் அறிவிக்கப்பட்டது. இரண்டிலும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு ஒதுக்கீடு உண்டு. காப்பீடு உண்டு, மருத்துவ முகாம் உண்டு, பின்னாளில் நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஆட்டுக் கொட்டகைகூடக் கட்டித் தரப்பட்டது. ஆனால், ஒரு சென்ட் நிலமும் இல்லாதவர் என்று தானே சான்றளித்துக் கையில் கயிற்றைக் கொடுத்த அரசு, அந்த ஆடு யாருடைய நிலத்தில் மேயும் என்ற கேள்விக்கு எந்த விதியிலும் விடை எழுதவில்லை.

திருவண்ணாமலையில் இக்கேள்வியின் முழு வடிவத்தையும் காணலாம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பசுவுக்கு அகத்திக்கீரை வாங்கிக் கொடுப்பது புண்ணியச் செயல். அதே மலையின் காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி ஆட்டை ஓட்டிச் செல்வது 1882ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி குற்றம். காட்டுக்கு வெளியே பட்டா நிலத்தில் ஆடு நுழைந்தால், 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் அதைப் பட்டியில் அடைக்கச் சொல்கிறது. காடும் இல்லை, பட்டாவும் இல்லை என்றால் எஞ்சுவது புறம்போக்கு. ஆதலால் நிலமற்றவரின் ஆட்டுக்கு மேய்க்கால் புறம்போக்கே கடைசிப் புகலிடம்.

அந்தப் புகலிடத்தின் அளவு என்ன? 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 99 லட்சம் வெள்ளாடுகளும் 45 லட்சம் செம்மறிகளும் உள்ளன. நிரந்தர மேய்ச்சல் நிலமாக அரசுக் கணக்கில் இருப்பதோ மாநிலப் பரப்பில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி காகிதத்தில் மட்டும் மேய்க்கால். நேரில் சென்று பார்த்தால் அலுவலகக் கட்டடம், குப்பைக் கிடங்கு, சீமைக் கருவேலங்காடு, அல்லது பக்கத்து நிலக்காரரின் வேலி மெல்ல நகர்ந்து விழுங்கிய கரும்பு வயல்.

மேய்க்கால் இல்லாத ஊரில் ஆடு பட்டினி கிடப்பதில்லை. அதற்கான விலையை வேறொருவர் கொடுக்கிறார். காலனியைச் சேர்ந்த பெண் நிலக்காரரின் வரப்பில் புல் அறுக்கிறார், கிணற்றுமேட்டு மரத்தில் தழை ஒடிக்கிறார். அதற்குப் பணம் கேட்கப்படுவதில்லை. நடவு நாளில் அவர் கூப்பிட்டால் வேறு எங்கு கூலி கூடுதலாகக் கிடைத்தாலும் இவர் மறுக்க முடியாது என்பதே அதன் விலை. அறுவடை முடிந்த தாளடியில் ஆடு மேய்வதும் இதே வாய்மொழி அனுமதியில்தான். ஊருக்கும் சேரிக்கும் முரண்பாடு எழும் நாளில் முதலில் பறிக்கப்படுவது இந்த அனுமதி. திருவிழாவில், பறையடிக்க மறுத்ததில், காதல் திருமணத்தில் தொடங்கும் பிணக்கு, 'இனி எங்கள் கழனியில் கால் வைக்காதே' என்பதில் வந்து நிற்கும். 2023 ஜனவரி 30 அன்று இம்மாவட்டத்தின் தென்முடியனூரில் தலித் மக்கள் காவல்துறைப் பாதுகாப்புடன் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் சென்றதை நாடே பார்த்தது. ஆலய நுழைவுக்கு ஆட்சியரும் அறநிலையத் துறையும் வந்து நிற்க ஒரு சட்டமும் ஒரு வரலாறும் இருக்கின்றன. மேய்க்கால் நுழைவுக்கு அப்படி ஒருவரும் வருவதில்லை.

இங்கே எளிதில் கடந்துவிட முடியாத சிக்கல் ஒன்று நமக்குள்ளேயே உண்டு. நம் நிலவுரிமைப் போராட்டத்தின் வரலாறு, பெருமளவு தரிசையும் புறம்போக்கையும் சாகுபடிக்குக் கேட்ட வரலாறு. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையும், அதன் பின் 1892 செப்டம்பர் 30 அன்று பிறந்த பஞ்சமி நில ஆணையும், மிராசுதாரர்கள் தரிசின் மீது கொண்டிருந்த முன்னுரிமையை எதிர்த்து எழுந்தவை. பறையர் ஒருவர் தரிசு கேட்டு மனுச் செய்தால் அதைத் தடுக்க மிராசு உரிமை போதுமானதாக இருந்தது. மராட்டியத்தில் தாதாசாகேப் கெய்க்வாட் தலைமையில் 1959இலும் 1964-65இலும் நடந்த நிலப் போராட்டங்களின் கோரிக்கைகளில் கைரான் எனப்படும் மேய்ச்சல் நிலமும் ஒன்று. 1990 ஏப்ரல் 14 வரை கைரானில் சாகுபடி செய்துவந்த பட்டியல் சாதியினரின் அனுபவத்தை முறைப்படுத்த அம்மாநில அரசு 1991இல் ஆணையிட்டது. எனவே மேய்க்காலை மேய்க்காலாகவே காப்போம் என்று ஒருவர் சொல்லும்போது, பட்டா கேட்டு நிற்கும் தலித்துக்கு எதிரான குரலாக அது ஒலிக்கக்கூடும். பல ஊர்களில் அப்படியே பயன்படுத்தவும்படுகிறது. ஆதிதிராவிடர் வீட்டுமனைக்கு இடம் தேர்ந்தெடுத்தவுடன், அதுவரை எவருக்கும் நினைவில் இல்லாத மாடுகள் ஊராரின் ஆட்சேப மனுவில் வந்து மேயத் தொடங்குவதை நிலவழக்கு நடத்தும் எந்த வழக்கறிஞரும் அறிவார்.

உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரி 28 அன்று ஜக்பால் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் அளித்த தீர்ப்பைப் படித்தவர்களுக்கு இந்த இழுபறி புரியும். பாட்டியாலா மாவட்டச் சிற்றூர் ஒன்றின் குளத்தை ஆக்கிரமித்தவர்கள் பற்றிய வழக்கு அது. நாடெங்கும் ஊர்ப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் வகுக்குமாறு மாநிலங்களுக்கு நீதிமன்றம் ஆணையிட்டது. அதே தீர்ப்பு ஒரு விலக்கையும் வைத்தது: அரசு அறிவிப்பின்படி நிலமற்ற தொழிலாளர்களுக்கோ பட்டியல் சாதி, பழங்குடியினருக்கோ குத்தகை வழங்கப்பட்ட இடங்களிலும், பள்ளி, மருத்துவமனை போன்ற பொதுப்பயன்பாடு ஏற்கெனவே உள்ள இடங்களிலும் முறைப்படுத்தலாம். ஆக்கிரமிப்பை அகற்றும் வேகம் குடிசையிடம் காட்டப்படுகிறது, ஏக்கர் கணக்கில் வேலியிட்டவரிடம் காட்டப்படுவதில்லை. இந்த விலக்கை எதிர்மனுவில் முதல் வரியாக எழுதாத தலித் குடியிருப்பு வழக்குகளைப் பார்க்கும்போது வருத்தமே மிஞ்சுகிறது.

சாகுபடிக்கான பட்டாவா, மேய்ச்சலுக்கான பொதுநிலமா என்று நம்மை இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்யச் சொல்லும் கேள்வியே பொய்யானது என்பது என் கருத்து. பஞ்சமி நிலம் வேறு, மேய்க்கால் வேறு. முன்னது பறிக்கப்பட்ட தனி உரிமை; காரணையில் உயிர்கொடுத்துக் கேட்டது அதைத்தான். பின்னது இன்றும் நம் பங்கு எஞ்சியிருக்கும் பொது உரிமை. அப்பங்கைத் துண்டு துண்டாகப் பட்டாவாக்கினால் யார் கைக்குப் போகும் என்பதையும் யோசிக்க வேண்டும். பொருளியலாளர் என்.எஸ். ஜோதா தமிழ்நாடு உள்ளிட்ட வறண்ட நிலப் பகுதிகளில் ஆய்ந்து 1986இல் வெளியிட்ட கட்டுரை, ஏழைகளின் பெயரால் பிரிக்கப்பட்ட பொதுநிலத்தில் பெரும்பங்கு ஏற்கெனவே நிலம் உள்ளவர்களிடம் சென்று சேர்ந்ததைக் காட்டியது.

பொது நிலம் என்றால் எல்லோரும் மேய்த்து அழித்துவிடுவார்கள் என்பது கல்லூரிப் பாடத்தில் காரட் ஹார்டின் பெயரால் சொல்லித் தரப்படும் கதை. 1968இல் அவர் எழுதியதை மறுத்து, பயன்படுத்துவோரே விதி வகுத்துப் பொதுவளத்தைக் காத்த சான்றுகளைத் திரட்டியவர் எலினார் ஆஸ்ட்ரம். 2009இல் நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது. மேய்ச்சல் நிலத்தைப் பேணும் அறிவு தமிழ்நாட்டிலும் புதிதன்று. காங்கேயம் பகுதியின் கொறங்காட்டைப் பாருங்கள். கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கும் காய்க்கும் வெள்வேல மரம். நிலத்தைப் பகுதிகளாகத் தடுத்து, ஒன்று மேயும்போது மற்றொன்றுக்கு ஓய்வு கொடுப்பார்கள். மழை பொய்த்தாலும் அந்நிலம் கால்நடையைக் கைவிடுவதில்லை. ஆனால் கொறங்காடு தனியார் நிலம், நிலவுடைமைச் சாதியின் நிலம். அங்கே புல்லுக்கு ஓய்வு கொடுக்க முடிவதற்குக் காரணம், அடுத்த ஆண்டும் அந்தப் புல் தன்னுடையதாகவே இருக்கும் என்ற உறுதி. அந்த உறுதி இல்லாத சேரிப் பெண்ணைப் பார்த்து 'அளவு மீறி மேய்க்கிறாய்' என்பது குற்றத்தை இடம் மாற்றுவதாகும். தீவனப்பயிர் மானியமும் பெரும்பாலும் பாசன வசதியுள்ள சொந்த நிலம் வைத்திருப்போரைத்தான் தேடிப் போகிறது.

காட்டோரம் வாழ்பவர்க்கும் நிலைமை இதுவே. 2022 மார்ச் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றம் மாநிலத்தின் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, அதே மாதத்தில் அத்தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்குச் சுருக்கியது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பிரிவு 3(1)(டி)இல் மேய்ச்சலைச் சமூக உரிமையாகவே ஏற்கிறது. ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினர் அதைக் கோரலாம். அடிவாரத்துத் தலித்துகள் 75 ஆண்டுகள், அதாவது மூன்று தலைமுறை, அங்கே வாழ்ந்ததை நிறுவியாக வேண்டும்.

இப்போது பொதுநிலத்தின் மீது இன்னொரு கண்ணும் விழுந்திருக்கிறது. செய்யாறு சிப்காட் விரிவாக்கத்துக்காக மேல்மா உள்ளிட்ட ஊர்களில் சுமார் 3,174 ஏக்கர் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து 2023 ஜூலை முதல் விவசாயிகள் போராடினர். அந்த நவம்பரில் ஏழு பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. கண்டனம் எழுந்த பின் விலக்கிக்கொள்ளப்பட்டது. அப்போராட்டத்தின் மையம் பட்டா நிலம், இழப்பீடு என்ற பேச்சும் பட்டாதாரரோடு முடிகிறது. அதே வயல்களின் தாளடியிலும் ஓடைக்கரையிலும் மேய்த்தவர்க்கு என்ன கிடைக்கும்? நிலமெடுப்பு தொடர்பான 2013ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம்கூட, காட்டையும் நீர்நிலையையும் சார்ந்து வாழ்வோரைப் பாதிக்கப்பட்ட குடும்பமாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது, மேய்ச்சல் நிலத்தைச் சார்ந்தோரை அப்படிக் குறிப்பிடவில்லை. 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம், 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டங்களுக்காக நீர்நிலையோடு கூடிய அரசு நிலத்தையும் சேர்த்துக் கொடுக்க வழி செய்கிறது. 2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான பன்னாட்டு ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் அவை அறிவித்திருக்கையில் இங்கு நிலைமை இது.

நம் கையில் இருக்கும் கருவி ஒன்று துருப்பிடித்துக் கிடக்கிறது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள வன்கொடுமைத் தடுப்புத் திருத்தச் சட்டத்தின் பிரிவு 3(1)(இசட்ஏ)(ஏ), பட்டியல் சாதி, பழங்குடியினர் ஒரு பகுதியின் பொதுச் சொத்து வளங்களை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. குடிநீர்க் குழாய்க்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் இப்பிரிவை நாடுகிறோம். மேய்க்கால் அதே வாக்கியத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது என்பதைப் புகார் எழுதும்போது மறந்துவிடுகிறோம்.

செய்ய வேண்டிய வேலை கடினமானதன்று, பொறுமை வேண்டுவது. வருவாய்த் துறை இணையதளத்தில் 'அ' பதிவேட்டைத் திறந்து, உங்கள் ஊரில் மேய்க்கால் என்று பதிவான புல எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். புல வரைபடம் வாங்கி, நில அளவையருக்கு மனுச் செய்து எல்லையைக் காட்டச் சொல்லுங்கள். 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் மேய்ச்சல் நிலத்தை ஊராட்சியின் பொறுப்பில் வைத்திருப்பதால், ஆண்டுக்கு ஆறுமுறை கூடும் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரலாம். சீமைக் கருவேலத்தை அகற்றுவது, நிலத்தை நான்காகப் பிரித்து வடகிழக்குப் பருவமழையில் முளைக்கும் புல் விதை உதிர்க்கும் வரை ஒரு பகுதியையேனும் மூடிவைப்பது, கொழுக்கட்டைப் புல்லும் வேலிமசாலும் விதைப்பது, இவற்றை மேற்பார்க்கும் குழுவில் சொந்த நிலமின்றி ஆடு வளர்க்கும் பெண்களைப் பாதிக்கு மேல் அமர்த்துவது ஆகியவை அதில் இருக்கட்டும். தீர்மானம் நிறைவேறிய பின் யாரேனும் வேலியைக் காட்டித் தடுத்தால், நாளையும் புல எண்ணையும் தடுத்தவர் சொன்ன சொல்லையும் எழுதி மேற்சொன்ன பிரிவில் புகார் கொடுங்கள். அதைப் பதிய மறுக்கும் அலுவலர் பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாதவராயின், கடமையை வேண்டுமென்றே புறக்கணித்ததற்காக அதே சட்டத்தின் பிரிவு 4 அவருக்குப் பொருந்தும்.